கற்பூரம் காட்டாத லாரி

தலைக்கு மேல் விமானம் போனால் போதும், "நான் ஊத்துன எண்ணெயிலதான் போவுது பாரு" என்பான் கைலாசம். விமானத்தில் கால் வைத்தவனில்லை. பேச்சுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

ஆனால் சொன்னது பொய்யுமில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் விமான எண்ணெயை நிரப்பிக்கொண்டு பெங்களூர் விமான நிலையத்தில் இறக்குவது அவனுடைய டேங்கர் லாரி. வீடு நடுவழியில், காஞ்சிபுரத்தில். தெருவில் வீட்டுக்கு வீடு தறி இருக்க, தன் வாசலில் மட்டும் லாரி நிற்பதில் அவனுக்கு ஒரு மிதப்பு.

வெள்ளிக்கிழமையானால் ஊரில் எல்லா வண்டிக்கும் கற்பூரம் காட்டுவார்கள். இவன் லாரிக்கு எலுமிச்சம்பழமும் மாலையும்தான். காலி வண்டி என்றாலும் நெருப்பைக் கிட்டே விடமாட்டான். காலி டேங்கில் நிற்கும் எண்ணெய் ஆவிதான் பொல்லாதது, சட்டென்று பற்றிக்கொள்ளும். மனைவி காந்தா தெருக்கோடிக்குப் போய் நின்று, லாரி இருக்கும் திசை பார்த்துத் தட்டைச் சுற்றுவாள். "சாமிக்குக் கண்ணு நல்லா தெரியும், நீ அங்கயே நில்லு" என்று இவன் குரல் கொடுப்பான். தெருவே சிரிக்கும். எவ்வளவு நல்ல வெள்ளிக்கிழமைகள் அவை!

எழுபத்து மூன்றின் கடைசியில் எண்ணெய் விலை எகிறியது. பெங்களூரில் எண்ணெய் இறக்கிக்கொள்ளும் ஜினதாஸ் காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரன். அடுத்த மாதத்திலிருந்து லாரி வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். பெங்களூரில் விலை அதிகமாம். விமானங்கள் திரும்பிப் போவதற்கும் சேர்த்து மெட்ராசிலேயே வயிறு முட்ட நிரப்பிக்கொண்டு வருகின்றனவாம்.

ஒரே எண்ணெய்க்கு ஊருக்கொரு விலை ஏன் என்று கேட்டான் கைலாசம்.

"இங்க ஏதுண்ணா கடலு? நீ ஏத்திக்கினு வர்றதுக்கு வாடகை குடுக்குறோமில்ல, அது விலையில ஏறுது" என்றான் ஜினதாஸ், முகத்தைப் பார்க்காமல்.

தன் பிழைப்பே தன் பிழைப்புக்கு உலை வைத்ததை நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை கைலாசம் ஒரு ஆரன்கூட அடிக்கவில்லை.

டேங்கைக் கழுவிக் கழுவி, வாசனை போகுமட்டும் வெயிலில் திறந்து போட்டு, சாயப் பட்டறைகளுக்குத் தண்ணீர் அடிக்கும் லாரியாக மாற்றினான். அடுத்த வெள்ளிக்கிழமை காந்தா பழக்கதோஷத்தில் தட்டோடு தெருக்கோடிக்கு நடந்தாள்.

"இங்கயே வாம்மா. கிட்ட வந்து காட்டு" என்று கூப்பிட்டான். "இனிமே இது பத்திக்காது."

அவள் வந்து கற்பூரம் ஏற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கைலாசம் நின்று அழுதான்.