டிரம்மில் உருண்ட கற்கள்

1994 ஆகஸ்ட் 7, ஞாயிறு. காலை ஏழு மணிப் பூசை, எட்டரைக்கு இட்லி. பிறகு அம்மா துணி துவைத்தாள், நான் கொடியில் போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு அப்பா மஞ்சள் பையோடு பர்கூரிலிருந்து காவேரிப்பட்டணத்துக்கு பஸ் ஏறினார். தென்பெண்ணை ஆற்றில் எனக்குக் கூழாங்கல் பொறுக்கி வரத்தான். மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கூழாங்கல் உருவாகும் விதம் என்பது என் தலைப்பு.

ஒரு மணிக்குத் திரும்பினார். இருபத்திரண்டு கற்கள், எல்லாம் ஆற்றில் பொறுக்கியவை என்றார். கழுவித் துடைத்து, செய்தித்தாளில் வரிசையாக வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு பல மலைகளின் கல்லை உருட்டி வரும். வெள்ளை, சிவப்பு, சாம்பல் எல்லாம் கலந்திருக்கும். முதலில் முனைகள் மோதி உடையும், அப்புறம் மணல் தேய்க்கும். கல்லின் மேல் ஊசி குத்தியது போலச் சின்னக் குழிகள் இருக்கும். இவை எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. அப்பா வேலை செய்த கிரானைட் பட்டறையில், கழிவுத் துண்டுகளைத் தண்ணீரும் மணலும் சேர்த்து டிரம்மில் சுற்றவிட்டு, தோட்டத்துக்கு அழகுக் கல் செய்வார்கள். அந்தக் கற்கள்.

"இது ஆத்துக் கல்லு இல்லப்பா. உங்க டிரம்முல உருட்டினது."

அப்பா சிரித்தார். "ஆறு மட்டும் என்ன கண்ணு, தடவியா குடுக்குது? அதுவும் உருட்டுது, இதுவும் உருட்டுது."

"அப்ப ஆத்துல பொறுக்கினேன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

சிரிப்பு இருமலாக மாறியது. அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "வாய மூடுடி. பெரிய கலெக்டரு, விசாரண பண்ண வந்துட்டா."

நான் விடவில்லை. ஒரு கல்லை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, குழி எங்கே என்று கேட்டேன். அவர் கல்லைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

உண்மையில் அவர் ஆறு வரை போயிருந்தார். கரைச் சரிவைப் பார்த்து நின்றிருக்கிறார். இறங்கினால் திரும்ப ஏற மூச்சு இருக்காது. திரும்பும் வழியில், பூட்டியிருந்த பட்டறையில் காவலாளியிடம் கேட்டுப் பையை நிரப்பிக்கொண்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அந்த இருமலை ஒரு வருடமாக மறைத்து வந்திருந்தார். நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சொன்னது அடுத்த வருடம். அதற்கும் அடுத்த வருடம் அவர் இல்லை. இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது அதன் பிறகுதான்.

பொய்க் கல்லைக் கண்காட்சி மேசையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, இருபத்திரண்டையும் எண்ணி மஞ்சள் பையில் போட்டு, "டிரம்முலயே திரும்பப் போட்டுடுங்க" என்று வேலைக்குக் கிளம்பிய அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். தெருமுனைக்குப் போவதற்குள் மூன்று முறை பையைக் கீழே வைத்து நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.