ஈரத் துணி சுற்றிய வெப்பமானி

அப்பாவுக்கு நாக்பூரிலிருந்து ஆவடிக்கு மாற்றல் வந்தபோது கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் அங்கேயே விற்றுவிட்டோம். ஏர் கூலரை மட்டும் விற்கவில்லை. அரை ஆள் உயரத் தகரப் பெட்டி. மூன்று பக்கமும் புல் மெத்தை. உள்ளே ஒரு குட்டி மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றிப் புல்லில் வடியவிடும். விசிறி அந்த ஈரப் புல் வழியாகக் காற்றை இழுத்து அறைக்குள் தள்ளும். நாக்பூர் மே மாதத்தில் அதன் முன்னால் படுத்துக்கொண்டு நான் போர்வை கேட்டிருக்கிறேன். மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே கேட்டேன்.

ஆவடியில் அது இரண்டு வருடம் பால்கனியில் துணிக்கூடையைச் சுமந்துகொண்டு நின்றது. மூன்றாவது கோடையில் அக்கா பிரசவத்துக்கு வந்தாள். குழந்தைக்கு ஐம்பது நாள் ஆனபோது கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. பத்து நிமிடம் தூங்கும், அரை மணி நேரம் அழும். அத்தானின் வீடு சென்னீர்குப்பத்தில். அங்கே ஏசி உண்டு. அவர் போனில் மரியாதையாகத்தான் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், அப்போதும் குழந்தை தூங்காவிட்டால் இரண்டு பேரையும் அழைத்துப் போகிறேன். மூன்றாம் மாதம் முடியாமல் பேத்தியை அனுப்புவதில்லை என்பது அப்பாவின் முடிவு. அன்று திங்கட்கிழமை.

ஏசி போட முடியுமா என்று பார்க்க மேனாம்பேட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். சுவிட்ச் பெட்டியைத் திறந்து, உடனே மூடினார்.

"ஏசி போட்டா இந்த ஒயர் தாங்காது சார். உருகி ஊத்திடும்."

"அப்ப கூலரை மாட்டு" என்றார் அப்பா. அவர் எதிர்பார்த்ததே அந்தப் பதிலைத்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் பால்கனிக்குப் போய்ப் பெட்டியைச் சுற்றி வந்தார். "இன்னா சார் இது, பீரோ கணக்கா கீது! ஜன்னலுக்கு வெளிய மாட்ட முடியாது. ரூமுக்குள்ளதான் வெக்கணும்."

"உள்ளயே வையி."

"உள்ள வெச்சுகினு தண்ணி உட்டா அது கூலர் இல்ல சார். இட்லிப் பானை."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. நாக்பூரில் கூலர் ஜன்னலுக்கு வெளியே நின்றது, வெளிக்காற்றைக் குடித்தது. இங்கே அது அறைக்குள் நின்றது. கொசு வரும் என்று அப்பா ஜன்னலையும் சாத்தினார்.

முதல் அரை மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. எட்டு மணிக்கு மேல் அறைக்குள் நுழைந்தால் யாரோ ஈரக் கையால் முகத்தைத் தடவியது போலிருந்தது. அப்பளம் நமத்துப்போனது. என் நோட்டுத் தாள்கள் துவண்டன. கொடியில் போட்ட குழந்தையின் துணிகள் காலையிலும் அப்படியே ஈரமாக இருந்தன. குழந்தை முன்பைவிட அதிகமாக அழுதது.

எனக்கு அப்போது இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எதையாவது அளக்காவிட்டால் கை அரிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு இரண்டு கண்ணாடி வெப்பமானிகளை வாங்கி வந்தேன். ஒன்றை அப்படியே தொங்கவிட்டேன். இன்னொன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைத் திரியாகச் சுற்றி, திரியின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் ஈர வெப்பமானி குறைவாகக் காட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையே காட்டும். கூலரால் எவ்வளவு குளிர வைக்க முடியும் என்பதற்கு இந்த வித்தியாசம்தான் எல்லை. ஈர வெப்பமானி காட்டுவதற்குக் கீழே எந்தக் கூலராலும் போக முடியாது.

செவ்வாய் இரவு எட்டு மணி. பால்கனியில் முப்பத்திரண்டும் இருபத்தெட்டரையும். வித்தியாசம் மூன்றரை. கூலர் ஓடிய அறைக்குள் முப்பத்தொன்றும் முப்பதும். வித்தியாசம் ஒன்று. இதைச் சாப்பிடும்போது சொன்னேன். சொன்னேன் என்பதைவிட, தோசைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வகுப்பெடுத்தேன் என்பது சரி.

"நாக்பூர்ல ஓடுன மிஷினு, ஆவடிக்கு வந்தா வேலைய மறந்துருமோ?" என்றார் அப்பா. முப்பது வருடம் ஊரூராகச் சுற்றியும் அவர் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

"மிஷின் மறக்கலப்பா. காத்துதான் வேற."

"ராத்திரி எட்டு மணிக்கு அளந்துட்டு எங்கிட்ட பேசுத. மத்தியானம் அளந்து பாத்தியாட்டி நீ?"

அளக்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை கல்லூரி அரை நாள்தான், மதியம் வந்து அளந்தேன். பகலில் கொசு இல்லை, ஜன்னல் திறந்திருந்தது. பால்கனியில், வெறும் வெப்பமானியில் முப்பத்தொன்பது. ஈரத் துணி சுற்றியதில் இருபத்தேழு. திரியைச் சரிபார்த்து மறுபடி பார்த்தேன். அதே இருபத்தேழு. கூலரின் வாயில் முப்பத்தொன்று, குழந்தை அதன் எதிரே கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிளில் வந்த அப்பா, செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"பன்னெண்டு."

"கொஞ்சம் சத்தமா சொல்லு. உங்க அக்காளுக்குக் கேக்கட்டும்."

உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் டிகிரி பாத்துக்கிட்டே இருங்க. எனக்குப் பிள்ளைத் துணி காஞ்சா போதும்."

வியாழக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மணிக்கொரு முறை குறித்தேன். காலையிலிருந்து மேற்கே இருந்து வறண்ட தரைக்காற்று. பன்னிரண்டு மணிக்கு வித்தியாசம் பதினொன்று, இரண்டு மணிக்குப் பன்னிரண்டு, மூன்றரைக்குப் பத்து. நாலரைக்குச் சற்று முன் காற்று திசை மாறியது. கடல் காற்று. நகரம் முழுவதையும் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேர அவ்வளவு நேரமாகிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் "அப்பாடா" என்று பால்கனிக்கு வந்தார்கள். என் வெப்பமானிகளில் வித்தியாசம் அரை மணி நேரத்தில் ஐந்துக்கு விழுந்தது. ஏழு மணிக்கு நான்கு. ஆக, அப்பா சொன்னது பகலுக்குச் சரி. நான் சொன்னது ராத்திரிக்குச் சரி. குழந்தை அழுதது ராத்திரியில்.

அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அப்பா டீயோடு வந்து அதன் முன்னால் நின்றார். ஒவ்வொரு வரிக்கும் விரலை நகர்த்தினார். நான் விளக்க வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"நீ பேசாம இருட்டி. நீ சொன்னா கேக்க மாட்டார். அவராப் பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அறையிலிருந்து வரும் சத்தம் மாறியது. விசிறி இரைந்துகொண்டிருந்தது, புல்லில் தண்ணீர் வடியும் களகளப்பு மட்டும் இல்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. தொட்டிலின் மேல் கொசுவலை. அப்பா எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், "மோட்டார் சூடாயிட்டு. கொஞ்சம் ஆறட்டும்" என்றார். அன்று குழந்தை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தூங்கியது.

மோட்டார் பழுதாகிவிட்டது என்று நம்பிய அம்மா, சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் அண்ணனை வரவழைத்துவிட்டாள். அவர் கூலரின் பின்பக்கத்தைக் கழற்றி ஒரு நிமிடம் பார்த்தார்.

"மோட்டார் குதிர மாதிரி கீது சார். உள்ள அதோட பிளக்கைத்தான் எவனோ புடுங்கி வுட்டுருக்கான்."

அப்பா செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். "அது கெடக்கட்டும். வந்ததுக்கு ஒரு டீயக் குடிச்சிட்டுப் போ."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தாளைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் மாலையில் பிளக் மறுபடி சொருகப்பட்டிருக்கும். அது எனக்கும் தெரியும். டீயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அத்தான் வந்தார். பின் இருக்கையில் குழந்தைக்கென்று குட்டி மெத்தை விரித்துக் கொண்டுவந்திருந்தார். மேலே வந்ததும் நேராகக் கூலரின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்.

"வெறும் ஃபேன் காத்து மாதிரி இருக்கே மாமா. ரிப்பேரா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிதானமாகத் துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

"ரிப்பேரெல்லாம் இல்ல மாப்ள. மத்தியானம் வந்திருந்தா ஜில்லுனு இருந்திருக்கும். சாயந்திரம் கடல் காத்து வந்துட்டா நானே தண்ணிய நிறுத்திருவேன். அதுக்கு மேல தண்ணி விட்டா காத்துதான் ஈரமாவும், பிள்ளைக்கு ஆவாது."

இருபது வருடமாக அப்படித்தான் செய்துவருகிறவர் போலச் சொன்னார். அத்தான் குனிந்து குழந்தையின் கழுத்தைப் பார்த்தார். வேர்க்குரு அடங்கி, தோல் லேசாக உரிந்திருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா பிள்ளை நல்லாத் தூங்குது" என்றாள் அக்கா. "துணியும் காயுது. மூணாம் மாசம் முடியட்டும், வாரேன்."

அத்தான் தொட்டிலின் கொசுவலையைச் சரிசெய்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். கீழே போய்க் குட்டி மெத்தையை எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, தனியாகக் காரை எடுத்தார்.