அப்பாவின் பெட்டிக்கு முன்னால் அண்ணர் வாசித்தது

எங்கள் அண்ணர் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். பிறந்தது வெள்ளிக்கிழமை என்பார் அம்மா. திருமுழுக்குப் பதிவேட்டின்படி கணக்கிட்டால் சனிக்கிழமை வருகிறது. இரண்டையும் இங்கே பதிகிறேன்.

கோவில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தார். புத்தகத்தில் உள்ளதை இரண்டு தரம் வாசித்தால் மூன்றாம் தரம் வேறெங்கோ போய்விடுவார். பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் சேர்ந்தார். அங்கேதான் ஜாஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு மெட்டை எடுத்து, வாசிக்கும் அந்த நேரத்தில் தோன்றுகிறபடி விரித்துக்கொண்டு போகிற இசை அது. இருபத்துநான்கில் பாரிஸ். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, மாலையில் வாசித்தார். பிறகு வயலினே தொழிலாயிற்று. அவர் இருந்த பதினேழு முகவரிகள் என் கொப்பியில் உள்ளன. ஒன்றுக்கு நான் கடிதம் எழுதி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். ஊருக்கு வந்தாலும் கதிரை நுனியில்தான் இருப்பார். வெளியான இசைத்தட்டுகள் இரண்டே. "பதிஞ்சா அது செத்துப்போம்" என்பார்.

அப்பா காலமானபோது மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். பெட்டியைத் தூக்குமுன் வழக்கமான துக்கப் பாடலைத் தொடங்கினார். இரண்டாம் அடியில் அது வழி விலகி வேகம் பிடித்தது. முற்றத்தில் நின்ற சிலரின் கால்கள் தாளம் போட்டன.

"இதென்ன, செத்தவீடோ கலியாணவீடோ?" என்றார் மாமி.

அம்மா எழுந்து, "நிப்பாட்டு" என்றார். அண்ணர் நிறுத்தினார். முப்பத்தோராம் நாள் பூசைக்கும் நிற்காமல் திரும்பிப் போனார். ஆறு ஆண்டுகள் அம்மா அவருடன் பேசவில்லை. அதைக் குறித்து அண்ணர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பிறகு அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று அறிந்தோம். அந்தக் கிழமையே, நான் அண்ணருடன் பேசிக்கொண்டிருக்கையில், அம்மா என் கையிலிருந்த கைபேசியை வாங்கினார்.

"அப்பாவின்ரை பெட்டிக்கு முன்னாலை வாசிச்சதை ஒருக்கா வாசி, ராசா."

"அது எழுதி வைச்சு வாசிச்சதில்லையம்மா. அண்டைக்கு வந்தது, அண்டைக்கே போயிட்டுது."

"நிப்பாட்டினது நான்தானே. இப்ப கேக்கோணும்."

ஞாயிறு பின்னேரம் அழைத்து வாசித்தார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "இது இல்லை ராசா" என்றார். மறு ஞாயிறும் அப்படியே. கிழமை முழுவதும் அண்ணர் அதைத் தேடினார். எந்த அடியில் மாறியது, யார் எங்கே நின்றது என்று என்னைக் கேட்டபடி இருந்தார். திகதியும் நேரமும் என்னிடம் இருந்தன, அந்த இசை இல்லை. இருமலுக்கிடையில் வாசித்தார். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி வாசித்தார். மொத்தம் நாற்பத்தொரு ஞாயிறுகள். கடைசி ஞாயிறு அம்மாவுடன் பேசி முடித்த பின், "என்ரை கையிலைதான் எங்கையோ கிடக்கு தம்பி, வருது இல்லை" என்றார். வியாழக்கிழமை காலமானார்.

ஓராண்டு நினைவுக்காக எழுதிய இக்கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'அம்மா கேட்டதை அண்ணரால் இறுதிவரை வாசிக்க முடியவில்லை' என்ற வரியில் மறித்தார்.

"அதை வெட்டு. மூண்டாம் ஞாயிறே அதைத்தான் வாசிச்சவன்."

"அப்ப ஏனம்மா இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டா அதோடை விட்டிடுவான். பிறகு போன் எடுத்துக் கதைப்பானோ?"

அந்த வரியை வெட்டிவிட்டேன்.

அண்ணரைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், ஞாயிறுதோறும் அவருக்குக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற, அவருடன் கிற்றார் வாசித்த நண்பருக்கும், அங்கே நல்லடக்கத்தை நடத்திய உறவினருக்கும், இங்கே பூசைக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. அம்மா ஏன் இல்லையென்று சொல்கிறார் என்பது தனக்குத் தெரியும் என்று அண்ணர் உங்களில் எவரிடமாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள். திகதி நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.