நாலு சிப்பம் புது அரிசி

சமையல் மாஸ்டர் அரிசிச் சிப்பத்தின் வாயைப் பிரித்தார். நாலே நாலு அரிசியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாருய்யா வாங்குனது இது?"

"நான்தான்" என்றேன், பெருமையாக.

"புது அரிசி. இதை வச்சு அறுநூறு இலைக்குச் சோறு வடிக்கச் சொல்றீகளா?"

போன வாரம் காரைக்குடியில் என் அக்கா மகள் மீனாவுக்குக் கல்யாணம். நான் சொல்வது அதற்கு முந்தின நாள் காலை பதினோரு மணி.

மாஸ்டர் வாதம் பண்ணுகிற ஆள் இல்லை. அரைப்படி அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றினார். வெந்ததும் வடித்து, ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். கரண்டியின் அச்சு அப்படியே நின்றது. சோறு இல்லை... களி!

"இதுல சாம்பார் ஊத்துனா பசையாயிரும். இருபது வருசமா சமைக்கிறேன். இந்தக் கெட்ட பேரு எனக்கு வேணாம்" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

அத்தான் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அக்கா சரசு தனியாளாக நின்று நடத்துகிற கல்யாணம். தாய்மாமன் நான் சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் அவள் என்னிடம் ஒப்படைத்தது இரண்டே வேலைகள். ஒன்று, அரிசி.

"பந்தியில யாரும் முகம் சுளிக்கக் கூடாதுடா. தகப்பன் இல்லாத வீட்டுக் கல்யாணம், அதான் இப்படின்னு மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது. எனக்கு அது போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதில்தான் கோட்டை விட்டிருந்தேன்.

இத்தனைக்கும் எனக்குச் சொந்த ஊர் எது? புதுவயல். காரைக்குடியிலிருந்து கால் மணி நேரம். பஸ் ஊருக்குள் நுழையும்போதே நெல் அவிக்கிற வாடை வந்து மூக்கில் ஏறும். தெருவுக்குத் தெரு ரைஸ் மில். ரோட்டில் பாதி லாரிக்கு, மீதி நமக்கு. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் உமிச்சாம்பலோடுதான் எடுக்க வேண்டும். கறுப்பு அரிசியைத் தனியாகத் தள்ள இப்போது கேமரா வைத்த மெஷின் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் என்ன? மெஷினிலிருந்து கொட்டுகிற அரிசியில் நாலை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆள் சாக்கைத் தைப்பார். எங்கள் ஊரில் அரிசியைக் கண்ணால் பார்த்து யாரும் நம்புவதில்லை. பல்லுக்குத்தான் மரியாதை.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனை ஊர் மில்லே ஏமாற்றிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஏமாற்றியவன் நான்.

அக்கா கொடுத்த இரண்டாவது வேலையைச் சொல்லவில்லையே... பத்திரிகை வைப்பது. எங்கள் அப்பா புதுவயலில் ஒரு மில்லில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். அந்த மில்லுக்கு மட்டும் இருபத்தைந்து பத்திரிகைகளை எண்ணிக் கொடுத்தாள். "தட்டுல வெத்தலை பாக்கோட நேர்ல போயி வைக்கணும். உன் வாட்ஸ்அப் கூத்தெல்லாம் அங்க ஆகாது" என்று எச்சரிக்கையும் கொடுத்தாள்.

வைத்திருக்கலாம். காரில் கால் மணி நேரம். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை எழுத வேண்டியிருந்தது. என்ன பத்தி? 'உறவுகளை நேரில் போய்ப் பார்ப்பது ஏன் அவசியம்' என்ற பத்தி. அருமையாக இருந்தது என்று நீங்களே சிலர் மெயில் போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி.

மறுநாள் வேறொரு வேலை. அதற்கு மறுநாள் சோம்பல். இருபத்தைந்து பத்திரிகைகளும் கார் டிக்கியிலேயே கிடந்தன. "மில்லுக்கு வச்சிட்டியாடா?" என்று அக்கா கேட்டபோது, "வச்சாச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன். முதல் பொய்.

நடுவில் அரிசிக்காக மில்லுக்குப் போன் போட்டேன். எடுத்தது முத்தக்கா. அப்பா காலத்திலேயே களத்தில் காயும் நெல்லைத் துழாவ வந்து, இப்போது அந்த மில்லையே மேற்பார்வை பார்ப்பவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"நாலு சிப்பம் பொன்னி வேணும்க்கா."

"நாலா? என்ன தம்பி விசேசம்?"

யோசித்துப் பாருங்கள். பத்திரிகை வைக்காமல் போனிலேயே கல்யாணம் என்று சொன்னால் எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அதனால், "விசேஷமெல்லாம் இல்லக்கா. வீட்டுக்குத்தான்... வருஷத்துக்கு" என்றேன். இரண்டாவது பொய்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. வருஷத்துக்கு என்று கேட்டால் புது அரிசிதான் தருவார்கள். வீட்டில் கிடந்து, மாதம் போகப் போக அதுவே பழசாகும். விசேஷத்துக்கு என்று கேட்டால் மட்டும்தான் பழைய அரிசி. முத்தக்கா மிகச் சரியான அரிசியைத்தான் அனுப்பியிருக்கிறார். என் பொய்க்குச் சரியான அரிசி.

கடைகளில் வாங்கலாமே? ஓடினேன். தை மாதம் என்பதை மறந்துவிட்டேன். இருந்த பழைய அரிசியெல்லாம் எனக்கு முந்திய கல்யாணங்களுக்குப் போயிருந்தது. மூன்று கடைகளில் மாதிரி வாங்கி வந்தேன். மாஸ்டர் மூன்றையும் கடித்தார். மூன்றையும் துப்பினார்.

இனி வேறு வழி? நாலு சிப்பத்தையும் காரில் ஏற்றினேன். வழியில் வெற்றிலை பாக்கும் ஒரு எவர்சில்வர் தட்டும் வாங்கினேன்.

மில்லில் சாப்பாட்டு வேளை. தூக்குவாளியைத் திறந்து வைத்து எல்லோரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முத்தக்கா கையைக் கழுவ எழுந்தார். "வாங்க தம்பி. சாப்புடுறீகளா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை, டிக்கி, வருஷத்துக்கு என்ற பொய், மாஸ்டரின் களி... ஒன்றையும் விடவில்லை. எல்லோரும் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்கள். அதற்குப் பதில் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"யாருக்குக் கல்யாணம்? நம்ம மீனாவுக்கா?" என்றார் முத்தக்கா.

"ஆமாக்கா. நாளைக்கு."

"உங்கப்பா தூக்கிட்டு வர, மாசா மாசம் அந்தப் புள்ளைய இந்தத் தராசுல வச்சு நிறுத்தவ நான். மூணு கிலோவுல இருந்து இருபது கிலோ வரைக்கும் இந்தா, செவத்துல கரியால எழுதியிருக்கேன் பாருங்க." குடோன் சுவரைக் காட்டினார். பாதி அழிந்தும் அழியாமலும் எண்கள் இருந்தன. "அவளுக்குக் கல்யாணம்னு சொல்லலையே தம்பி. அரிசி கிடக்குது விடுங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது குறைவு.

முத்தக்கா வட்டத்தின் பக்கம் திரும்பி, "மூக்கையா, உன் அரிசி எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

அந்த மில்லில் ஒரு வழக்கம். அங்கே வேலை பார்ப்பவர் வீட்டில் கல்யாணம் என்றால், ஒரு வருஷம் முன்பே நல்ல அரிசியாகப் பார்த்து அவர் பெயரில் குடோனின் ஒரு மூலையில் அடுக்கிவிடுவார்கள். அதை முதலாளியே கேட்டாலும் தொட முடியாது. மூக்கையா லோடுமேன். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவருக்கான அரிசி போன வருஷமே மூலைக்குப் போய்விட்டது.

மூக்கையா சோற்றைப் பிசைந்தபடியே என்னைக் கேட்டார். "அண்ணே, அந்தப் புது அரிசி கார்லயா இருக்கு?"

"ஆமா."

"அதை இங்குட்டு இறக்குங்க. என்னுதுல நாலை ஏத்திக்கிருங்க. ஆவணிக்குள்ள இது பழசாயிரும். எனக்கு என்ன நட்டம்?"

மகள் கல்யாணத்துக்கு வைத்த அரிசியை, பத்திரிகைகூட வைக்காதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துத் தர எத்தனை பேருக்கு மனசு வரும்? அவர் ஒரு கவளம் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு. உமித்தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

சிப்பங்கள் மாறிக்கொண்டிருந்தபோது நான் டிக்கியிலிருந்து பத்திரிகைகளை எடுத்துத் தட்டில் வைத்து முத்தக்காவிடம் நீட்டினேன். வாங்கினார். சரியாக அந்த நேரத்தில் அக்காவின் போன்.

"எங்கடா இருக்க? மாஸ்டர் அரிசி சரியில்லைங்கிறாரு!"

"மில்லுலக்கா."

"முத்தக்கா இருக்காகளா? அவககிட்ட குடு. பத்திரிகை வச்சு இத்தனை நாளாச்சு, ஒரு போன்கூடப் பண்ணல. என்ன கோவம்னு கேக்கணும்."

செத்தேன் என்று நினைத்துக்கொண்டே போனைக் கொடுத்தேன். முத்தக்கா ஒரு கையில் போன், மறு கையில் தட்டோடு பேசினார்.

"சரசு... கோவமெல்லாம் ஒண்ணுமில்லத்தா. பத்திரிகை வந்துச்சு, என் கையிலதான் இருக்கு. அரிசியா? இங்க நாங்கதான் மாத்தி ஏத்திவிட்டுட்டோம். இந்தா, நல்ல அரிசி கிளம்பிருச்சு. நாளைக்கு எல்லாரும் வாரோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "போங்க தம்பி, மாஸ்டர் காத்துக்கிட்டு இருப்பாரு."

நான் சொன்ன இரண்டு பொய்களும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னவை. அவர் சொன்ன ஒரு பொய்யும் என்னைக் காப்பாற்றத்தான்.

கல்யாணத்தன்று பந்தியில் சோறு பூப்பூவாக உதிர்ந்து விழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ரசத்துக்குச் சாப்பிட்டார். தூண் ஓரமாக நின்று அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மில்லிலிருந்து இருபத்தைந்து பேரும் ஒரே லாரியில் வந்து இறங்கினார்கள். மீனா மாலையோடு மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து முத்தக்காவைக் கட்டிக்கொண்டாள். "இப்ப உன்னைத் தராசுல ஏத்துனா தராசு தாங்காதுடி" என்றார் அவர்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அந்த ஓர் இடம் தவிர. பந்தியில் முத்தக்காவுக்குத் தானே பரிமாறிய அக்கா, பத்துப் பேர் நடுவில் செல்லமாகக் கேட்டாள். "ஏன்க்கா, நாப்பது வருச சர்வீஸு... நீங்களே அரிசியை மாத்தி ஏத்தலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். புதுவயலில் ஒருவரைப் பார்த்து அப்படிக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. தச்சரிடம் போய் உங்களுக்கு அளவெடுக்கத் தெரியாதா என்று கேட்கிற மாதிரி. முத்தக்கா நிமிரவில்லை. "வயசாச்சுல்லத்தா" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

பக்கத்தில் ரசவாளியோடு நின்றவன் நான். வாயைத் திறந்திருக்க வேண்டும். "ரசம் வேணுமாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த மில்லுக்கு என்ன நன்றி சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்தேன். சேலை எடுத்துக் கொடுக்கலாமா, ஸ்வீட் பாக்ஸ் அனுப்பலாமா என்றெல்லாம் ஓடியது. எல்லாமே நான் தப்பிக்கிற வழிகள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பேர். திருப்பித் தர வேண்டியதும் அதுதான். எடுத்தது பத்துப் பேர் நடுவில்... தருவது நீங்கள் எல்லோரும் பார்க்க.

என் அக்கா இந்தப் பத்தியை வாராவாரம், காபி ஆறுவதற்குள் படித்து முடிப்பவள். எனவே மன்னியுங்கள் வாசகர்களே, இனி வருவது அவளுக்கு.

அக்கா, முத்தக்கா அரிசியை மாற்றி ஏற்றவில்லை. நான்தான் மாற்றிச் சொன்னேன். பத்திரிகையும் நான் வைக்கவில்லை. நீ இன்றைக்கே மில்லுக்குப் போய், அந்தப் பத்துப் பேர் நடுவில் கேட்டதை அங்கே இருபத்தைந்து பேர் நடுவில் திரும்ப வாங்கிக்கொள்.

என் மேல் உள்ள கோபத்துக்கு அவசரமில்லை. மூக்கையா மகள் கல்யாணம் ஆவணியில்தான்... அதற்குள் அதுவும் பழசாகிவிடும்.