சத்தமில்லாத துவக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் — மின்காந்தத் துவக்கு நல்லதா, பழைய வெடிமருந்துத் துவக்கு நல்லதா என்று!

விஞ்ஞானக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் இருப்பது செவ்வாய்க் கிரகத்தில். கையில் துப்பாக்கி, அதுவும் மின்காந்தத் துவக்கு. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய, காந்தம் குண்டை இழுத்து எறியும். புகையில்லை, நெருப்பில்லை, வெடிச்சத்தமும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கனகு மாஸ்ரருக்கு வாசித்துக் காட்டினேன். பௌதிகம் படிப்பிப்பவர். விடுவாரா?

"ஐசே, பழைய துவக்கெண்டால் தோட்டாவுக்குள்ளையே மருந்து இருக்கு. எங்கை கொண்டுபோனாலும் வெடிக்கும். உம்மடை ஆளுக்குக் கறண்ட் எங்கையிருந்து வரும்? சைக்கிள் டைனமோவை மிதிச்சே சுடப்போறான்?"

நியாயமான கேள்விதான். யுத்தத்தில் கறண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை; உரும்பிராயில் நாங்கள் றேடியோ கேட்பதே டைனமோவை மிதித்துத்தானே! என்ன செய்ய... கற்பனைக்குப் பொருளாதாரத் தடை போட இன்னும் ஒருவரும் யோசிக்கவில்லை.

"சத்தமே வராது மாஸ்ரர், அதுதான் விசேஷம்" என்றேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி தவமணி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியோரம் ஷெல் விழுந்த நாளிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள்.

"இதிலை என்ன புதுசு?" என்றாள். "எனக்கு எல்லாத் துவக்கும் உப்பிடித்தானே."

தூரத்தில் ஹெலிகொப்டர் இரைந்தால் நாங்கள் பங்கர்க் குழிக்கு ஓடுகிறோம். அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் ஓடுவாள். நான் வேலைக்குப் போய்விட்டால்? முற்றத்துக் கோழிகள் வெருண்டு ஓடுகின்றனவா என்று பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாளாம்... அன்றுதான் சொன்னாள். அதன்பிறகு காலையில் வீட்டை விட்டுப் புறப்படவே மனம் வருவதில்லை.

"கதைதானே, மாத்தலாம்தானே?" என்று அவளே தொடர்ந்தாள். "சுட முதல் அந்தத் துவக்கிலை ஒரு சிவப்பு லைற் எரியட்டும். என்னைப் போல ஆக்களுக்கும் ஓட நேரம் வேணுமெல்லே?"

அன்றே சிவப்பு லைற்றை எழுதிச் சேர்த்தேன். மாஸ்ரர் வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"உமக்கென்ன விசரே ஐசே? லைற்றைக் கண்டவுடனை எல்லாரும் ஓடித் தப்பியிடுவினம்!"

"தப்பட்டும், மாஸ்ரர்."