ஒரு நொடியில் முடிந்த சோதனை

கோவில்பட்டியில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பலசரக்குக் கடைகளுக்குத் தமிழில் பில் அடிக்கும் மென்பொருள் செய்கிறோம். மொத்தம் மூன்று பேர்: முதலாளி அண்ணாச்சி, நான், புதூர்ப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழி. வயதில் சின்னவள் என்பதால் என்னை அக்கா என்பாள். வேலையில் இருவரும் சரிசமம்.

நிரலில் எதைத் தொட்டாலும், மற்றதெல்லாம் கெடாமல் இருக்கிறதா என்று தானாகவே சோதித்துச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. ஓடி முடிவதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவி வந்து, கொஞ்சம் ஊர்க்கதையும் பேசிவிடலாம். நடுவில் கரண்ட் போனால்தான் வினை. மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். எங்கள் யுபிஎஸ் பேருக்குத்தான் யுபிஎஸ். கரண்ட் போனதும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானும் அணைந்துவிடும்.

தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் புதுப் பதிப்பைக் கொடுத்தாக வேண்டும். ஐப்பசி மழை இன்று நாளை என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் மட்டும் மழைக்குக் காத்திராமல் போய்ப் போய் வந்தது. ஒருநாள் சோதனை முடியப்போகிற நேரத்தில் திரை இருண்டதும் நான் எழுந்தே விட்டேன்.

“இந்த ஸ்கிரிப்டை மாத்தாம இனி வேற வேலை பாக்க மாட்டேன்” என்றேன்.

“மாத்துங்கக்கா, புண்ணியமாப் போவும்” என்றாள் தோழி.

தேறிய சோதனைகளை ஸ்கிரிப்ட் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் வந்ததும் அவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஓட்ட வேண்டும். இவ்வளவுதான் யோசனை. மறுநாள் காலை எழுதி முடித்து ஓட்டினேன். ஒரே நொடி. திரை முழுக்கப் பச்சை.

நான் போட்ட கூச்சலில் அண்ணாச்சி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கீழே போனவர், சூடான சுசியமும் வடையும் வாங்கி வந்தார். வரும்போதே போனில், புதுப் பதிப்புக்குக் காத்திருந்த விளாத்திகுளம் கடைக்காரரிடம், “முடிஞ்சிட்டு அண்ணாச்சி! எங்க பிள்ளைக மின்னல் மாரி முடிச்சிட்டாவ” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுசியத்தைக் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி மெல்லக் கேட்டாள்: “அக்கா, எத்தன சோதனை ஓடுச்சுன்னு பாத்தீயளா?”

பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஓடியவை: பூஜ்யம்.

தேறியதைத் தாண்டச் சொல்வதற்குப் பதில், தேறாததைத் தாண்டச் சொல்லியிருந்தேன். எதுவுமே இன்னும் தேறியதாகக் குறிக்கப்படாததால் எதுவும் ஓடவில்லை. அதனால் எதுவும் தவறவில்லை; தவறு இல்லாததால் திரை பச்சை. தோழிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன பிள்ளேளா?”

“ஒண்ணுமே ஓடல அண்ணாச்சி” என்றேன்.

“அப்போ நான் அவியகிட்ட என்னத்தச் சொல்ல?” என்றவர், தானே சிரித்துவிட்டார். போனில், “மின்னல்தான் அடிச்சிருக்கு அண்ணாச்சி, மழைக்குப் பொறுங்க” என்று சமாளித்தார்.

அந்த வரியைத் திருத்தினேன். ஒரு சோதனைகூட ஓடாவிட்டால் சிவப்பு காட்ட வேண்டும் என்று தோழி ஒரு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினோம். இந்தமுறை அது நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. பாதிக்கு மேல் போயிருக்கும், வெளியே இடி இடித்தது. கரண்ட் போனது. ஜன்னல் தகரத்தில் சடசடவென்று மழை.

தோழியின் போன் அடித்தது. அவள் அம்மா. இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது குரல்: “ஏட்டி, இங்கன நல்ல மழைட்டி! புஞ்சைக் காடெல்லாம் நனைஞ்சிட்டு. உளுந்து விதைக்கணும், வெரசா வா!”

கரண்ட் வந்தது. மூவரும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றோம். ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில் ஒரே ஒரு சிவப்பு: பில்லில் ‘பெருங்காயம்’ என்ற சொல்லின் ‘ம்’ மட்டும் அடுத்த வரிக்குப் போயிருந்தது. வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் மாட்டிக்கொண்டதே என்று எனக்குச் சந்தோஷம்தான். இருவரும் சேர்ந்து அதைச் சரிசெய்தோம். நிரலைத் தொட்டுவிட்டதால் திரும்ப முழுக்க ஓட்டி, அத்தனையும் பச்சையானதை எண்ணிக்கையோடு பார்த்த பிறகுதான் அண்ணாச்சியைப் போன் எடுக்க விட்டோம்.

சாயங்காலம் தோழியை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒரு குடையில் இருவர், பாதி நனைந்தோம். பஸ் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி, “திங்கக்கெழம வர மாட்டேன்க்கா, விதைப்பு!” என்று கத்தினாள். பஸ் கிளம்பிப் போன பிறகு நான் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு மழையிலேயே நடந்து வந்தேன்.