ஏழாம் கட்டிலின் மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. அந்த மணியைக் கேட்டது அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

ஆண்கள் வார்டில் அவளுக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். பதினாறு வருட நர்ஸ். நோயாளி மணி அடித்தால் "ரெண்டு நிமிஷம்" என்பாள். சொன்ன இரண்டாவது நிமிஷம் கட்டிலருகே நிற்பாள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவளைத் தின்றது.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டிக்கு வந்தாள். முப்பத்திரண்டு நோயாளிகள். பார்த்துக்கொள்ள அவளும் ஓர் ஆயாவும். 2:40க்கு ஏழாம் கட்டிலின் மணி அடித்தது. திரைக்குப் பின்னால் ஒரு பெரியவர், யாரையும் தொந்தரவு செய்யாத மனிதர். அவளோ மூன்றாம் கட்டிலில் வலிப்பு வந்தவனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் ஐயா!"

போய்ச் சேர்ந்தபோது 2:52. பெரியவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். மூச்சு இல்லை. கை சில்லென்று இருந்தது. அந்தப் பதற்றத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

விசாரணை வைத்தார்கள். உடலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"நீ என்னடி பண்ணுவே? இருக்கிறது ரெண்டு கை" என்றார் வீட்டுக்காரர்.

"பன்னிரண்டு நிமிஷங்க. நான்தான் கொன்னுட்டேன்."

யார் சொல்லியும் காதில் ஏறவில்லை. சோறு இறங்கவில்லை. மகள் "அம்மா" என்றாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மூன்றாம் நாள், 2:40.

ட்ரிங்...

ஏழாம் கட்டில் காலியாகத்தான் கிடந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "ஏழுல யாரும்மா கூப்பிடுறது? ஆளே இல்லையே?"

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சையே கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் 2:40க்கு மறுபடி அடித்தது. அதற்கு மறுநாளும். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர் கணக்குத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு நிச்சயம்.

பதினோராம் நாள் எழுந்து போனாள்.

மின்விசிறி ஓடவில்லை. திரை ஆடியது.

ட்ரிங்... ட்ரிங்...

விலக்கினாள்.

காலையில் விரித்த விரிப்பு. நடுவில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம். சுவரைப் பார்த்து... ஒருக்களித்து.

"வந்துட்டேன் ஐயா..."

மணி நின்றது.

தொட்டாள்.

அதே சில்லிப்பு.

நாலு மணிக்குப் பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். கையில் பரிசோதனை அறிக்கை, முகமெல்லாம் நிம்மதி.

"நீயே படிச்சுப் பாரு. பெரியவர் போனது அன்னிக்கு மத்தியானம் ஒன்றரை மணி ஆகுறதுக்கு முன்னாடியே. அப்போ நீ டியூட்டிக்கே வரலை. தூங்குறார்னு காலை ஷிஃப்ட்ல விட்டுட்டாங்க. உன்மேல ஒரு தப்பும் இல்லடி."

"அப்போ 2:40க்கு அடிச்சது...?" ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் இரண்டு தடவை படித்தாள். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அழக்கூட இல்லை.

"செத்தப்புறமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கார் சிஸ்டர். அப்பவும் நான் நேரத்துக்குப் போகலையே."